தரங்கம்பாடிக்கு அச்சாபீஸ் மாமாவோடு

தரங்கம்பாடிக்குப் போகிற கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் போவார்கள்: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராத்திரி வேன் ஏறிய எங்கள் சபையாரும் அப்படித்தான். ஐயர் (எங்கள் சபைப் போதகர்), ஐயரம்மா, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியத்து அக்காமார் என்று வேன் நிறைந்துவிட்டது. கடைசி சீட்டில் அச்சாபீஸ் மாமா. லெட்டர் பிரஸ் காலத்தில் கம்பாசிட்டராக, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிறவராக இருந்தவர். பாட மாட்டார், ஜெபம் பண்ணச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். சபையில் அவரை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை என்பதுதான் நிஜம்.

காலையில் பழைய நகர வாசலுக்குள் நுழைந்தோம். 1792-இல் டேனிஷ்காரர்கள் எடுத்துக் கட்டிய வாசல். உள்ளே ராஜ வீதி, நேர் எதிரே கடல். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் விரிவாகப் பார்க்க நேரமில்லை. வந்தது புதிய எருசலேம் ஆலயத்துக்காக.

1718-இல் பிரதிஷ்டை செய்த ஆலயம். வாசலுக்கு மேலே டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக்கின் கிரீட முத்திரை. சிலுவை வடிவக் கட்டடம், கனத்த சுவர். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே காலை வைத்ததும் தரை சில்லென்று இருந்தது. பீடத்துக்கு முன்னால் சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கியவர், 1719-இல் 36 வயதில் இங்கேயே மண்ணுக்குள் போனார். அக்காமார் முழங்காற்படியிட்டார்கள். பாடகர் குழு இரண்டு ஞானப்பாட்டு பாடியது. எதிரொலி நன்றாக இருந்ததால் மூன்றாவதும் பாடினார்கள்.

அப்புறம் ஐயர், இந்த ஊரில் அச்சான முதல் தமிழ் புதிய ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் நின்ற மாமா மெதுவாக முன்னே வந்துவிட்டார்.

சீகன்பால்கு தனியாக வரவில்லை, கூடவே இன்னொரு மிஷனரி புளூட்சோவும் வந்தார். இரண்டு பேரும் வந்த கொஞ்ச நாளிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கரையோரம் முழுக்கப் பேச்சுமொழியாக இருந்த போர்த்துகீசியம் புளூட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குவுக்கு. தமிழை எங்கே படித்தார்? திண்ணைப் பள்ளியில், பொடிப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி. சொல்லிக்கொடுத்தவர் வயதான ஒரு வாத்தியார். ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, கூட இருந்தார். 1708 கடைசியில் கோட்டைத் தளபதியோடு மோதி, சீகன்பால்கு நாலு மாதம் சிறையில் கிடந்தார். விட்டுக்கொடுக்கத் தெரியாத ஆள். அந்தக் குணம் இல்லாமல் இந்தக் காரியம் நடந்திருக்காது. அந்தக் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டும் நடந்திருக்காது.

1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது. ஆனால் அது ஓலையிலேயே இருந்தால் எத்தனை பேர் கைக்குப் போகும்? லண்டனிலிருந்து அச்சு எந்திரம் ஒன்றைக் கப்பலில் அனுப்பினார்கள், ஓட்டுவதற்கு ஃபிங்க் என்கிற ஆளையும் சேர்த்து. ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். எந்திரம் வந்துவிட்டது, தொடத் தெரிந்தவர் இல்லை. கடைசியில் டேனிஷ் கம்பெனியில் சிப்பாயாக இருந்த ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். துப்பாக்கி பிடித்துக்கொண்டு நின்றவனிடம்தான் ஊழியத்துக்குத் தேவையான வரம் இருந்திருக்கிறது!

தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். கூடவே ஆட்லர் என்ற அச்சுத் தொழிலாளியும் வந்தார். எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன.

"பெரிய எழுத்துன்னா என்னா ஆகும் தெரியுமா?" என்றார் மாமா திடீரென்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "ஒரு பக்கத்துல பத்து வசனம் நிக்க வேண்டிய இடத்துல நாலுதான் நிக்கும். பேப்பர தின்னுரும்லா. தமிழ்ல கொம்பு தனி, கால் தனி, சுழி தனி. ஒவ்வொண்ணையும் தலைகீழா, இடவலம் மாத்திப் பாத்து எடுக்கணும். எழுத்துப் பெட்டி கேஸ்ல ஒரு எழுத்து தீந்துபோச்சுன்னா வேல அப்படியே நிக்கும்."

பேசும்போது அவருடைய வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும், இல்லாத எழுத்து ஒன்றை எடுத்து, இடது உள்ளங்கையில் இல்லாத ஸ்டிக்கில் (எழுத்து கோக்கிற சட்டத்தில்) அடுக்கிக்கொண்டே இருந்தன. அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாருமே கேட்டதில்லை. ஐயர் தன் பிரசங்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்று ஒதுங்கி நின்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

ஆட்லர் சின்ன எழுத்து வார்க்க முனைந்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸைப் பொதிந்திருந்த ஈயத்தை உருக்கி வார்த்தார் என்று சொல்கிறார்கள். பக்கத்துப் பொறையாரில் எழுத்து வார்க்கும் பட்டறை வைத்தார்கள், காகித ஆலையும் வந்தது. 1714-இல் நற்செய்திகளும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும்.

இதில் ஒரு விஷயம் எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. புத்தகம் முழுசாக முடிந்தபோது சீகன்பால்கு ஊரிலேயே இல்லை. 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியவர் 1716-இல்தான் திரும்பினார். அவர் இல்லாத நேரத்தில் மிஷனையும் அச்சகத்தையும் பார்த்துக்கொண்டவர் சக மிஷனரி கிரண்ட்லர். தமிழ் வைத்தியத்தைப் படித்து அதைப் பற்றி எழுதியவர், நிதானமான மனுஷர். பிரசங்கங்களில் நாம் சொல்லும் அந்தப் பெரிய நாளில் கதாநாயகன் கடலுக்கு அந்தப்புறம். வேலை இங்கே நடந்துகொண்டிருந்தது.

ஐயர் 1 கொரிந்தியர் 12-ஐ எடுத்து ஒரே ஒரு வசனம் வாசித்தார். "வரங்களில் வித்தியாசங்கள் உண்டு, ஆவியானவர் ஒருவரே." வழக்கமாக இந்த அதிகாரத்தில் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர், அன்றைக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பாடகர் குழு அக்கா ஒருத்திதான், "ரோமர் நிருபத்தக்கூட பவுல் சொல்லச் சொல்ல தெர்தியுதானே எழுதினாரு, கடைசில அவரும் வாழ்த்து சொல்லிருப்பாருல்லா" என்று ஞாபகப்படுத்தினாள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தத் திண்ணை வாத்தியாருக்கும், பொறையாரில் காகிதக்கூழ் கலக்கியவர்களுக்கும் யாராவது ஒரு கல் நட்டிருக்கலாம். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் நேரம் இருந்தால் பொறையாருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மூன்று கிலோமீட்டர்கூட வராது.

பழைய ஏற்பாட்டையும் சீகன்பால்கு தொடங்கியிருந்தார். ரூத் வரை வந்தபோது ஆயுசு முடிந்தது. மீதியைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார். அதனால் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கல்லறைப் பக்கத்தில் ரூத்தை வாசிக்கலாம் என்றார் ஐயர். நாலே அதிகாரம். முதல் அதிகாரத்தை ஒரு அக்கா வாசித்தாள், இரண்டாவதை நான், மூன்றாவதை வேன் டிரைவர் தம்பி கொஞ்சம் திக்கித் திக்கி. நாலாவதற்கு ஐயர் வேதாகமத்தை மாமாவிடம் நீட்டினார்.

மாமா இரண்டு அடி பின்னால் போனார். "ஐயரே, கோத்துக் குடுன்னா குடுப்பேன். வாசிக்கச் சொல்லாதிய."

ஐயர் சிரித்துவிட்டார். வேதாகமம் ஐயரம்மா கைக்குப் போனது. போவாஸ் பட்டணவாசலில் போய் உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா வாசிக்க ஆரம்பித்தார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோளுக்கு மேலாக எட்டி, புரூஃப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகக் கூடவே வந்தார்.