காதுதான் அளவுகோல்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு வேட்டை வழிகாட்டியிடம் செப்டம்பர் சீசனில் உதவியாளாக இருக்கிறேன். நாளெல்லாம் வண்டி ஜன்னலில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு, மான் போன்ற பிராங்ஹார்ன் விலங்கின் கிடாக்களுடைய தலையைப் பார்ப்பதுதான் வேலை. "இதைச் சுடலாமா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். பெரும்பாலும் "கொஞ்சம் பொறுங்க" என்பதுதான் என் பதில்.

வருபவர்களின் கண் முதலில் போவது கொம்பின் உயரத்திலும் விரிவிலும். வேட்டைக் கொம்புகளை அளந்து பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் கணக்கு வேறு. ஒவ்வொரு கொம்பின் நீளம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையான கவரின் நீளம், நாலு இடத்தில் சுற்றளவு, எல்லாவற்றையும் கூட்டி, இரு கொம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள். இடைவெளி அகலத்தைக் குறித்துக்கொள்வதோடு சரி, கூட்டலில் சேர்ப்பதில்லை. அவர்கள் பதிவேட்டில் ஏற அந்தக் கூட்டுத்தொகை 80 அங்குலம் வேண்டும். நிரந்தரப் பட்டியலுக்கு 82. இரண்டும் 15 அங்குலக் கொம்பு என்றாலும் 30தான் ஆகிறது. மிச்சம் 50 பருமனிலும் கவரிலும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு மனதில் பதிந்த பிறகு, ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கொம்பைப் பார்த்தால் எனக்குப் பரபரப்பே வருவதில்லை.

முந்நூறு கஜம் தள்ளி நிற்கும் கிடாவுக்கு டேப் பிடிக்க முடியாது. அதன் காதுதான் அளவுகோல். காது ஏறக்குறைய 6 அங்குலம். கொம்பு அதைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் 15. கவர் காது நுனிக்கு மேலே பிரிகிறதா, பக்கவாட்டில் கொம்பின் அடி கண்ணைவிட அகலமாகத் தெரிகிறதா என்று அடுத்துப் பார்ப்பேன். நுனி கொக்கிபோல் உள்ளே வளைந்த கிடாவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தூரத்தில் அது குட்டையாகத் தெரியும். வளைவோடு சேர்த்து அளந்தால் இரண்டு மூன்று அங்குலம் கூடிவிடும். ஓடும் கிடாவோ எப்போதும் பெரிதாகத் தெரியும், அதை நம்பவே கூடாது. வெயில் ஏறியதும் சேஜ் புதர்களின் மேல் கானல் ஆடும். ஸ்கோப்பில் உருவத்தைப் பெரிதாக்க ஆக்கக் கொம்பும் சேர்ந்து ஆடும். அந்த நேரத்தில் என்னிடம் எண் கேட்டால் சொல்ல மாட்டேன்.

கொம்பின் மேலுறை வருடந்தோறும் கழன்றுவிடும். புதியது குளிர்காலத்திலேயே வளரத் தொடங்குகிறது. அதனால் கடும் பனிக்குப் பிறகு வரும் சீசனில் பெரிய கொம்பை எதிர்பார்ப்பது வீண். 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் பனியும் நோயும் சேர்ந்து மந்தைகளையே காலி செய்தன, உரிமங்களையும் குறைத்தார்கள்.

முதல் தடவை வருபவர் 80ஐத் துரத்தத் தேவையில்லை என்பது என் கட்சி. 13, 14 அங்குலக் கொம்போடு நல்ல கவர் இருந்தால் போதும். கறியும் அருமையாக இருக்கும். (கவிச்சி அடிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் செப்டம்பர் வெயிலில் மத்தியானம்வரை தோலுரிக்காமல் வண்டியில் போட்டு வைத்தவர்கள்.)

சுட்ட கையோடு டேப்பை எடுப்பவர்களும் உண்டு. அதிகாரபூர்வமாக அளப்பது 60 நாள் உலர்ந்த பிறகுதான். அதற்குள் கொம்பு கொஞ்சம் சுருங்கும். "80க்கு மேல கால் அங்குலம் வருதே!" என்று குதிப்பவரிடம், நவம்பர் கடைசிவரை யாருக்கும் போன் போடாதீங்க என்று சொல்லிவிட்டுத் தோலுரிக்கப் போய்விடுவேன்.