கடிதம் போய்ச் சேராத நாட்கள்

மார்ச் 3

ஷேக்ஸ்பியரை இன்றைய காலத்துக்கு மாற்றப் போனால், 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல ஜான் பாதிரியார் கொண்டுபோகும் கடிதத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. மூல நாடகத்தில், நோயாளிகளைப் பார்த்துவரும் இன்னொரு துறவியைத் துணைக்குத் தேடிப் போகிறார். அந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்குமோ என்று காவலர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். யார் மேலும் தப்பில்லை.

பாஸ் லூர்மன் 1996இல் எடுத்த படத்தில் இதைக் கூரியர் ஆக்கினார். வண்டி வருகிறது, கதவைத் தட்டுகிறார்கள், ரோமியோ உள்ளே இல்லை. அவ்வளவுதான். கொள்ளைநோய் இருந்த இடத்தில் வெறும் கவனக்குறைவு. 2020க்குப் பிறகு பார்க்கிறவருக்கு மூலத்தின் பூட்டிய கதவே நன்றாகப் புரியும்.

மார்ச் 4

ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 6

வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டால் பொருட்களை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட வேண்டும். வாயில் 'வாள்' என்று வருகிறது, கையில் துப்பாக்கி. லூர்மன் துப்பாக்கியிலேயே 'வாள்' என்ற பெயரைப் பொறித்து, பெட்ரோல் பங்க் சண்டையில் அதைக் குளோசப்பில் காட்டிவிடுகிறார். குறும்புதான், ஆனால் ஒரே ஷாட்டில் படம் முழுவதற்குமான வேலை முடிந்தது.

மார்ச் 7

தூக்கமில்லை. ஒதெல்லோ மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. இரண்டு தடவை.

மார்ச் 9

ஒதெல்லோவுக்கு மனைவி மேல் சந்தேகத்தைக் கிளப்பும் கைக்குட்டைக்குப் பதில் எதை வைப்பது? ஒதெல்லோவே அவளுக்குக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு கதை வேண்டும். தொலைகிற அளவுக்குச் சின்னதாக, இன்னொருத்தியிடம் பார்த்தால் தூரத்திலேயே தெரிகிற மாதிரி. 'ஓம்காரா'வில் (2006) விஷால் பரத்வாஜ் ஒட்டியாணத்தை வைத்தார். பரம்பரை நகை, வேறொருத்தியின் இடுப்பில் ஏறினால் கண்ணை உறுத்தும்.

செல்போன் போட்டோ வேண்டாம். கைக்குட்டை எதையுமே நிரூபிக்காது, போட்டோ அளவுக்கு மீறி நிரூபித்துவிடும். ஒதெல்லோவின் காதில் சந்தேகத்தை ஊதும் இயாகோவுக்குப் பேச வேலையே இருக்காது.

மார்ச் 12

ஆவி. மைக்கேல் ஆல்மரெய்டா இயக்கிய 'ஹாம்லெட்' (2000) நியூயார்க்கில் நடக்கிறது. நாடகத்தில் நாடாக வரும் டென்மார்க் இங்கே ஒரு கம்பெனி, அரண்மனையான எல்சினோர் ஒரு ஹோட்டல். அப்பாவின் ஆவி கண்காணிப்புக் கேமராத் திரையில் தெரிந்து, பெப்சி மெஷினுக்குள் மறைகிறது. எல்லாரும் சிரிப்பது அந்த மெஷினுக்கு. எனக்கு அது பிடிக்கும்.

ஆவியைத் தூக்கினால் சந்தேகமும் சேர்ந்து போய்விடும். வந்தது அப்பாவின் ஆவியோ சாத்தானோ என்று தெரியாததால்தான், அப்பாவைக் கொன்றது சித்தப்பாதானா என்று ஹாம்லெட் நாடகம் போட்டு அவரைச் சோதிக்கிறான். வந்தவன் நம்பத்தக்கவன் என்றால் அந்த நாடகம் வெறும் பாட்டாகிவிடும். ஹாம்லெட்டைக் காஷ்மீரில் வைத்த 'ஹைதர்' (2014) இங்கேதான் ஜெயிக்கிறது. ஆவி இருந்த இடத்தில் சிறையிலிருந்து மீண்ட ரூஹ்தார். அவன் பேச்சை நம்பாதே என்று சித்தப்பா சொல்ல இடமிருக்கிறது. அதனால் நாடகத்துக்குப் பதிலாக மார்த்தாண்டர் கோயில் இடிபாடுகளில் வரும் ஆட்டம் தேவைப்படுகிறது.

'மக்பெத்'தில் ஜோசியம் சொல்லும் சூனியக்காரிகள் விஷயமும் இதேதான். 'மக்பூல்' (2003) அவர்களை இரண்டு போலீஸ்காரர்கள் ஆக்கியது. வேன் கண்ணாடியின் ஈரப்பூச்சில் ஒருவர் விரலால் மும்பையின் ஜாதகக் கட்டம் போடுகிறார். இவர்களால் ஜோசியத்தைச் சொல்லவும் முடியும், நடத்திவைக்கவும் முடியும்.

மார்ச் 13

நாளை என்கிறார்கள். நேற்றும் நாளை என்றார்கள்.

மார்ச் 15

டிவி செய்தி வாசிப்பவரைக் கோரஸ், அதாவது நாடகத்தில் கதையை எடுத்துச் சொல்பவர், ஆக்குவதைக் கொஞ்ச நாள் தடை செய்யலாம். லூர்மன் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார், புதிதாக இருந்தது. ஆல்மரெய்டா முடிவில் வைத்தார். ரால்ஃப் ஃபைன்ஸின் 'கொரியலேனஸ்' (2011) பெல்கிரேடில் எடுத்தது, அதிலும் செய்திச் சேனல். நாடகத்துத் தூதன் கண்ணால் கண்டதைச் சொல்ல நடுங்குவான். செய்தி வாசிப்பவருக்கு நடுக்கம் ஏது?

மார்ச் 17

திரும்பவும் கடிதம். இன்றைக்கு வைத்தால், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கும் செய்தி போதாது. ஏன் கூப்பிடவில்லை என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டுவிடுவார். 'ஹைதர்' 1995இல் நடப்பதால் அங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. ஊருக்கே இணையம், செல்போன் இரண்டையும் துண்டித்தால்? எல்லாருக்கும் ஒன்றாகப் பூட்டிய கதவு, கொள்ளைநோய் வீடு மாதிரி. ஆனால் அந்த உத்தரவு முதல் அங்கத்திலேயே ஊரில் அமலில் இருக்க வேண்டும். ஐந்தாவதில் திடீரென்று வந்தால் கதாசிரியர் சுவிட்சை அணைத்தது தெரிந்துவிடும்.

மார்ச் 18

'மக்பெத்'தில் மக்பெத்தைக் கொல்லும் மெக்டஃபை இன்னும் தொடவில்லை. ரிப்போர்ட் 11 மணிக்காம்.