ஏழு பவுண்டு தீரும்வரை

பிரிட்டனின் ஃபிளாட் பந்தயத்துக்கு, அதாவது தடை தாண்டாத குதிரைப் பந்தயத்துக்கு, வரும் அப்ரண்டிஸ் ஜாக்கியிடம் (பயிற்சி நிலையில் உள்ள சவாரிக்காரர்) முதலில் விலைபோவது திறமை அல்ல, எடைச் சலுகை: அவர் ஏறினால் குதிரை சுமக்க வேண்டிய எடையில் கழியும் பவுண்டு. 20 வெற்றி வரை 7 பவுண்டு, 50 வரை 5, 95 வரை 3. அதோடு சரி. 26 வயதைத் தொட்டால் வெற்றி எத்தனை என்றாலும் சலுகை போய்விடும்.

7 பவுண்டு என்பது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மைல் ஓட்டத்தில் இரண்டு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்று கணக்குப் போடுவார்கள். அப்படியானால் கையில் மூன்று நீளத்துக்கும் மேல் இருக்கிறது. ஐந்து ஃபர்லாங்கில் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) ஒரு நீளத்துக்கு மூன்று பவுண்டு, ஆகவே லாபம் அவ்வளவு இல்லை. இதைப் பார்த்துத்தான் குதிரைகளைத் தயார்செய்யும் ட்ரெய்னர்கள் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

16 வயது நிரம்பியிருந்தால் உள்ளே வரலாம். நியூமார்க்கெட்டிலோ டான்காஸ்டரிலோ உள்ள பந்தயப் பள்ளியில் சில வாரப் பயிற்சி, பிறகு ஒரு லாயத்தில் வேலை. விடியலில் தொடங்கி மூன்று நான்கு குதிரைகளை ஓட்ட வேண்டும், லாயத்தைக் கூட்ட வேண்டும், தீவனம் வைக்க வேண்டும். உரிமம் கேட்க ட்ரெய்னரின் ஆதரவு, மருத்துவப் பரிசோதனை, பள்ளியில் உரிமப் பயிற்சி மூன்றும் தேவை. அங்கே இயந்திரக் குதிரையில் ஏற்றி, கடைசி இரண்டு ஃபர்லாங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார்கள். களைத்த தொடை எப்படி உட்கார்ந்துவிடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது தராசில். குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயத்தில் மிகக் குறைந்த எடை 2022 முதல் 8 ஸ்டோன் 2 பவுண்டு (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு). அந்த எடை வந்த குதிரையில் 7 பவுண்டு கழித்தால் 7 ஸ்டோன் 9, அதாவது 48.5 கிலோ. ஹெல்மெட், சவுக்கு, கடிவாளம் இதில் சேராது, ஆனால் சேணம் சேரும். காலணியையும் உடையையும் கழித்தால் உடம்புக்கு மிச்சம் கொஞ்சம்தான். அந்த எடைக்கு இறங்க முடியாவிட்டால் சலுகை வெறும் காகிதம். எடை குறைந்தாலோ ஈயத் தகடு போட்டு நிரப்பலாம், அதில் சிக்கல் இல்லை. முன்பெல்லாம் பந்தயத் திடலிலேயே வியர்வை அறை இருந்தது. கோவிட் காலத்தில் மூடினார்கள், பிறகு திறக்கவில்லை. எங்கள் பார்வையில் நல்ல முடிவு. கடைசி நேரத்தில் நீரை வற்றவைத்து ஏறுகிறவன் கடைசி ஃபர்லாங்கில் பிடி தளர்ந்துபோவான்.

வளர்ச்சியை யாராலும் நிறுத்த முடியாது. 17 வயதில் லேசாக இருந்தவன் 20-இல் எலும்பு கனத்துப்போய் நிற்பான். அப்போது தடை தாண்டும் பந்தயத்துக்கு மாறுவதே யோசனை. அங்கே எடை ஏறக்குறைய இரண்டு ஸ்டோன் கூடுதல், 75 வெற்றி வரை சலுகை உண்டு.

ஓட்டும்போது நேரும் பிழைகளில் சவுக்குக் கணக்கு முக்கியம். 2023 முதல் ஃபிளாட்டில் ஒரு பந்தயத்துக்கு ஆறு முறைதான் சவுக்கால் அடிக்கலாம். அதைத் தாண்டினால் ஜாக்கிக்குச் சில நாள் சவாரித் தடை, நான்கோ அதற்கு மேலோ கூடினால் குதிரையே தகுதி இழக்கும். எண்ணத் தெரியாதவன் இல்லை, பதற்றத்தில் எண்ண மறப்பவன்தான் அதிகம். சவுக்கே வீசக்கூடாத பயிற்சிப் பந்தயங்களை முதலில் ஓட்டிவிடுவது அதனால் நல்லது.

சலுகையைச் செலவழிக்கும் வேகம்தான் கவனிக்க வேண்டியது. குளிர்கால இரவுகளில் வூல்வர்ஹாம்ப்டன், சவுத்வெல் போன்ற செயற்கைத் தரையில், கீழ்நிலைப் பந்தயங்களில் வரிசையாக ஜெயித்தால் ஒரே பருவத்தில் 50 வெற்றி ஓடிப்போகும். கோடையில் பெரிய லாயம் கூப்பிடும்போது மிஞ்சியிருப்பது 3 பவுண்டு. குரூப் பந்தயங்கள் எனப்படும் உயர்நிலைப் பந்தயங்களிலோ சலுகையே செல்லாது. சவாரி பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்கு அவருடைய கமிஷனும் இன்றைய சவாரியும் வேண்டும், ஆகவே எதை ஏற்பது என்று ட்ரெய்னரிடமும் உங்களுக்குச் சவாரி கற்றுத்தரும் பயிற்றுநரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

95 வெற்றியைத் தாண்டிச் சலுகை இழந்தவர்களில் ஓய்ஷின் மர்ஃபி போல 2014-இல் அப்ரண்டிஸ் சாம்பியனாகி, 2019-இல் முழுச் சாம்பியனானவர்களும் உண்டு. மற்றவர்களில் பலருக்குச் சலுகை போனதுமே அழைப்பு குறையும். அப்ரண்டிஸாக இருக்கும்போதே ஜாக்கிகளுக்கான கல்வித் திட்டமான ஜெட்ஸில் பேசிவையுங்கள். காயம் பட்டால் நியூமார்க்கெட், லாம்பர்ன், மால்ட்டன் ஊர்களில் இருக்கும் மறுவாழ்வு மையங்களுக்கு முதல் நாளே போன் செய்யுங்கள்.