1904 என்ற தேதி ஃபைலில் நிற்குமா?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அத்தகைய பழைய புகைப்படத் தகடுகளை ஸ்கேன் செய்பவர்களுக்கு, படமெடுத்த நாளையே ஃபைலின் எம்டைமாக (கடைசியாக மாற்றிய நேரமாக) வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம், வட்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் இடம் கொடுத்தால்.

லினக்ஸில் நேரம் என்பது 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் வினாடிகள். அதற்கு முந்தையது கழித்தல் எண். கூட்டல், கழித்தல் குறியுள்ள 32 பிட் எண்ணில் 1901 டிசம்பர் 13 முதல் 2038 ஜனவரி 19 வரைதான் கொள்ளும். 1904 மயிரிழையில் தப்பும். ஆய்வகம் தொடங்கிய 1899 தப்பாது.

லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் 256 பைட் ஐநோட் (ஃபைலின் விவரங்களை வைக்கும் பதிவு) இருந்தால் மேல் எல்லை 2446 வரை நீளும். கீழ் எல்லை அதே 1901. பென்டிரைவின் ஃபேட் ஃபைல் சிஸ்டத்துக்கு 1980-க்கு முன் காலமே கிடையாது. நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் 3-இல் வினாடிகள் குறியில்லா (கழித்தலே இல்லாத) 32 பிட் என்பதால் 1904 மறுமுனையில் 2040 ஆகலாம்.

தொல்லை என்னவென்றால், பிழைச் செய்தி வராது. கெர்னல் 5.4 முதல், எல்லை தாண்டிய நேரத்தை எல்லையிலேயே நிறுத்திவிட்டு, நேரத்தை எழுதும் யூடைம்என்எஸ்அட் அழைப்பு வெற்றி என்றே திரும்பும். அதற்கு முந்தைய கெர்னல்கள் இன்னும் மோசம்: மெமரியில் உள்ள ஐநோட் சரியான தேதியையே காட்டிக்கொண்டிருக்கும், ரீமவுண்ட் செய்ததும் நூற்றாண்டே மாறியிருக்கும். எனவே தேதியை எழுதிய கையோடு ஸ்டாட் (ஃபைல் விவரத்தைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து, வினாடி எண்ணை ஒப்பிட வேண்டும்.

32 பிட் புரோகிராமில் எல்லை தாண்டிய ஃபைலுக்கு ஸ்டாட் அழைப்பே இஓவர்ஃப்ளோ (எண் கொள்ளவில்லை) என்ற பிழையோடு தோற்கலாம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.34 முதல் டைம் பிட்ஸ், ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் இரண்டு மேக்ரோக்களையும் 64 என்று கொடுத்துக் கம்பைல் செய்யலாம். முதலாவதை மட்டும் கொடுத்தால் கம்பைலே ஆகாது.

நேர மண்டலத்திலும் ஒரு குழி உண்டு. ஆசியா/கொல்கத்தா மண்டலத் தரவில் 1906-க்கு முன் இருப்பது பழைய மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 வினாடி. ஐந்தரை மணி என்று நினைத்து 1904 தேதியைக் கொடுத்தால் 8 நிமிடம் 50 வினாடி பிசகும். யூடிசியிலேயே கொடுங்கள்.

அசல் தேதியை, வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் ஃபைலின் ஹெடரில் உள்ள டேட்-ஆப்ஸ் வரியில் எழுத்தாக வைத்துவிட்டால் பிட் கணக்கே வேண்டாம். எம்டைம் வெறும் வசதிக்கு. ஃபைல்களை டார் தொகுப்பாகக் கட்டும்போது மட்டும் பாக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், பழைய யூஸ்டார் வடிவத்தில் கழித்தல் எண்ணுக்கு இடமில்லை.