ரெண்டு மாசம்

“ரெண்டு மாசத்துல திறந்துரும்ணே.” நான் சொன்னது இவ்வளவுதான். 2015 ஜூன். குவைத்தும் சவுதியும் பங்குபோட்டு எண்ணெய் எடுத்த வஃப்ரா ஃபீல்டை மூடி ஒரு மாதம் ஆகியிருக்கும்.

கேட்டவர் தேவகோட்டை அண்ணன், பம்ப் மெக்கானிக். குவைத்திலேயே அகமதி பக்கம் இன்னொரு கான்ட்ராக்டர் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். கம்பெனி மாறுவதற்கான ரிலீஸ் பேப்பரை நாலாக மடித்து ஹெல்மெட்டின் உள்பட்டையில் செருகியிருந்தார். வியர்வை பட்டு ஓரத்தில் அரபி எழுத்து கசிந்திருந்தது. “தம்பி, இத மந்தூப்கிட்டக் குடுத்துரவா? இல்ல, இங்கயே இருந்துரவா?” மந்தூப் என்றால் அரசு ஆபீஸ் பேப்பர் வேலைகளைப் பார்க்கும் கம்பெனி ஆள்.

கொடுங்கள், கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பேச்சு. நான் வரலாறு சொன்னேன். டைம் கீப்பர் வேலையில் படிக்க நேரம் கிடைக்கும். 1922-இல் சவுதிக் கடற்கரையில் உள்ள உகைரில், பெர்சி காக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சிவப்புப் பென்சிலால் எல்லைக் கோடு போட்டாராம். யாருக்கு என்று தீராத ஒரு துண்டை குவைத், சவுதி இரண்டு பக்கத்துக்கும் பொது என்று விட்டாராம். பிறகு அதில் எண்ணெய் வந்தது. குவைத் தன் பாதி உரிமையை 1948-இல் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்குக் கொடுத்தது. சவுதி தன் பாதியை அடுத்த வருடம் கெட்டி என்ற அமெரிக்க எண்ணெய் முதலாளியின் கம்பெனிக்கு 60 வருடத்துக்குக் கொடுத்தது. நிலத்தைப் பின்னால் பிரித்துக்கொண்டார்கள். எண்ணெய் மட்டும் பொதுவாகவே இருந்தது. அந்த 60 வருடம் முடிவதற்கு முன்பே, 2008-இல், அந்த உரிமை கைமாறிப் போய்ச் சேர்ந்த செவ்ரான் கம்பெனிக்கு சவுதி இன்னும் 30 வருடம் நீட்டித்துக் கொடுத்தது. வஃப்ரா இருப்பதோ குவைத் பக்கம். எங்களைக் கேட்கவில்லையே என்று அவர்களுக்குக் கோபம்.

நாடுகள் கோபித்துக்கொண்டால் தூதர்கள் பேசுவார்கள், அறிக்கை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கோபம் வொர்க் பெர்மிட்டில் வந்தது. ஆட்களுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை, சாமான்கள் உள்ளே வரவில்லை, கடைசியில் கிணறுகளை மூடினார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே” என்றார் அண்ணன். அதற்குப் பிறகுதான் அந்த ரெண்டு மாசம் என் வாயில் வந்தது.

அது என் கணக்கே இல்லை. காலை மீட்டிங்கில் மேனேஜர் சொன்னது. அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். வஃப்ரா, அதே பொது எல்லையில் கடலில் இருக்கும் கஃப்ஜி, இரண்டு ஃபீல்டும் சேர்ந்தால் நாளுக்கு ஐந்து லட்சம் பீப்பாய் வரை எடுக்கலாம். அதை யார் சும்மா போட்டு வைப்பார்கள்? இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் கஃப்ஜி முந்தின அக்டோபரிலிருந்தே மூடிக்கிடந்தது. எட்டு மாதம். அதுவும் எனக்குத் தெரியும். எண்ணெய் விலை பாதியாக விழுந்திருந்த நேரம், திறக்க யாருக்கு அவசரம்? இதை அன்றைக்கே யோசித்தேனா, பிற்பாடு யோசித்ததை அன்றைய நாளில் ஒட்டவைக்கிறேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதே மீட்டிங்கில் மேனேஜர், “நல்ல மெக்கானிக்குகளை விட்டுடாதே” என்றும் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அது கம்பெனி ரகசியம் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் மிச்சத்தை அவரே புரிந்துகொண்டிருப்பார்.

அவர் பேப்பரைக் கொடுக்கவில்லை. கேம்ப்பில் வெறும் பேசிக் சம்பளத்தில் பத்து மாதம் இருந்தார். அப்புறம் விசாவைக் கேன்சல் அடித்து, செட்டில்மென்ட் கொடுத்து, ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கடைசி டைம்ஷீட்டை மூடியவனும் நான்தான். அகமதி வேலைக்குப் போயிருந்தாலும் ஒரு வருடத்தில் திரும்பியிருக்கலாம், யார் கண்டது? அந்தக் கான்ட்ராக்டர் இன்றுவரை நன்றாகத்தான் நடத்துகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டது 2019 டிசம்பர் 24. வஃப்ராவில் மறுபடி எண்ணெய் வந்தது 2020 ஜூலையில், ஊரெல்லாம் அடைந்துகிடந்தபோது. அன்றைக்கு அண்ணனுக்கு போன் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. மன்னிப்பு மாதிரி எதையாவது தொடங்க நினைத்திருப்பேன்.

அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “நெசமாத் திறந்துட்டாங்களா, இல்ல பேப்பர்லயா?” என்று கேட்டார். நெசமாத்தான் என்றேன். ஆள் எடுக்கிறார்களா, வயசு எவ்வளவு வரைக்கும் என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.