ஸ்டாஃபோர்ட் முகாமிலிருந்து (வர்ஜீனியா, அமெரிக்க உள்நாட்டுப் போர், வடபடை), 1863

ஏப்ரல் 12
புதுத் தளபதி ஹோவர்ட் வந்து பத்து நாள் ஆகிறது. இன்னமும் அடுப்படியில் பழைய தளபதி ஸீகல் பேச்சுதான். புதியவருக்கு வலது கை இல்லை, பக்தி நிறைய, மது ஆகாது. ஜெர்மானியர் நிறைந்த இந்தப் பீர்க்காரப் பட்டாளத்துக்கு நல்ல தளபதி!

ஏப்ரல் 15
மழை.

ஏப்ரல் 16
மழை. தோட்டாப் பெட்டியை மூன்று தடவை திறந்து பார்த்தாயிற்று. காகிதச் சுருளில் 60 கிரெயின் எடை வெடிமருந்து. ஈரம் ஏறினால் கட்டிதட்டிவிடும். கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) மட்டும் வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது. கூச்சலில் அது காதில் விழாது. புதுப்பையன் அதன்மேலேயே இன்னொரு தோட்டாவை இடித்து இறக்குவான். பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும்.

ஏப்ரல் 20
சம்பளம் வரவில்லை. மாதம் 13 டாலர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது பேச்சுக்குத்தான். குடியுரிமைக்கு 1862 சட்டப்படி ஒரு வருஷ வாசமும் நல்லபடி விடுவித்த சீட்டும் போதும். அந்தச் சீட்டு.

ஏப்ரல் 26
நாளைக் காலை புறப்பாடு. எட்டு நாள் சாப்பாடு தோளில்: மூன்று நாளுக்கானது தோள்பையில், ஐந்து நாளுக்கானது முதுகுமூட்டையில். பிஸ்கட் மட்டுமே எட்டு ராத்தல். இறைச்சியில் பாதிக்குமேல் நாலு காலில் கூடவே நடந்து வரும். தோட்டா 60, பெட்டியில் 40தான் கொள்ளும், மிச்சம் 20 சட்டைப்பையில். வியர்வை படும் இடம்! எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கிறேன். கூடாரக் கூட்டாளியின் ஆஸ்திரியத் துப்பாக்கி வாய் 0.54 அங்குலம், என்னுடையது 0.58. அவசரத்தில் என் தோட்டாவைக் கடன் கேட்டால் அவன் குழலில் நுழையாது.

ஏப்ரல் 28
ராத்திரி ராப்பஹானக் ஆற்றின் கெல்லி துறையில் படகுப் பாலம். காலைச் சேர்த்து மிதித்தால் பாலம் ஆடும், தாளம் தப்பி நடக்கவேண்டும். பெட்டி நனையவில்லை.

ஏப்ரல் 30
பெருஞ்சாலை ஓரம். சுற்றிலும் புதர்க்காடு, இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பிஸ்கட்டில் வண்டு. கொதிக்கும் காபியில் போட்டால் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்துவிடலாம்.

மே 1
பள்ளம் வெட்டினோம். எல்லாம் தெற்கு பார்த்து. மேற்கே யார்?

மே 2
காலையிலிருந்து தெற்கே தூரத்தில் எதிரிப் படை நகர்கிறது. பின்வாங்குகிறான் என்கிறார்கள். பின்வாங்குகிறவன் மேற்கே ஏன் போகிறான்? காவலில் இருந்தவர்கள் வந்து சொன்னதை மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேற்கு பார்த்து இரண்டு பீரங்கியும் சொற்பக் காலாட்களும். டிவிஷன் தளபதி ஷூர்ஸ் தன் பட்டாளத்தில் சிலரைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

மாலை ஐந்து. மாட்டிறைச்சி அடுப்பில். துப்பாக்கியெல்லாம் கூம்பாய்ச் சாய்த்திருக்கிறது. ராக்காவலில் பனியில் நனைந்த என் தோட்டாவைத் திருகுக் கம்பியால் உருவி எடுத்தாயிற்று. குழலைக் கொதிநீரால்தான் கழுவவேண்டும்: இரும்பு சூடேறித் தானே காயும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஈரம் தங்கும், மருந்து கெடும். காயும்வரை நிரப்பக் கூடாது. தண்ணீர் இப்போதுதான் சலசலக்கிறது