மூலையில இருக்கற பேரு

பழைய பூச்செடி பிரிண்ட் ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் பூவைப் பாப்பாங்க, நான் முதல்ல அடி மூலையைத்தான் பாப்பேன். ராபர்ட் வைட் போட்ட புக்கோட தாளா இருந்தா அங்க பொடி எழுத்துல ரங்கையான்னோ கோவிந்துன்னோ ஒரு பேரு இருக்கும், பக்கத்துல "டெல்"னு ஒரு சுருக்கம், லத்தீன்ல "வரைஞ்சார்"னு அர்த்தம். மொத தடவை அதை லென்ஸ் வெச்சுப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துப் போச்சு.

வைட் ஈஸ்ட் இந்தியா கம்பெனி டாக்டரா மெட்ராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1838ல இருந்து 1853 வரைக்கும் அவர் கொண்டுவந்த "ஐகோன்ஸ்"ங்கற செடிப் பட புக்ல 6 வால்யூம், 2101 படம், எல்லாம் மெட்ராஸ்லயே அடிச்ச கல்லச்சு, அதாவது கல்லுல வரைஞ்சு தாள்ல அச்சடிக்கறது. அதுக்கு முன்னாடி 1795ல லண்டன்ல வர ஆரம்பிச்ச, தாவரவியலாளர் ராக்ஸ்பரோவோட கோரமண்டல் (சோழமண்டலக் கரை) செடிகள் புக்லயும் 300 படம் இருக்கு, அதையும் நம்மூரு ஓவியர்கள்தான் வரைஞ்சாங்க, ஆனா அந்தத் தாள்கள்ல அவங்க பேரு கிடையாது, அதனாலயே நான் வைட் பக்கம் சாஞ்சுட்டேன்.

புதுசா வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். லென்ஸ்ல பாக்கும்போது கலர் புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது இந்தக் காலத்து ஆஃப்செட் காப்பி, கையால பூசின கலர்னா கோட்டைத் தாண்டி லேசா வழிஞ்சிருக்கும். செப்புத் தகட்டுல அடிச்சதுன்னா படத்தைச் சுத்தி தாள் அமுங்கின தடம் விரலுக்கே தெரியும், கல்லச்சுல அந்தத் தடம் இருக்காது. ஐகோன்ஸ் படங்க கறுப்பு வெள்ளையாத்தான் வந்துச்சு, கலரோட யாராச்சும் குடுத்தா பின்னாடி பூசினதுதான். வைட்டோட நீலகிரிச் செடிகள் புக்கு கையால கலர் பூசி வந்தது.

எனக்கு மனசு ஆறாத விஷயம், முழு புக்கையே பிரிச்சுத் தாள் தாளா விக்கறது. ஒரு வியாபாரி என் கண்ணு முன்னாடியே பைண்டிங்கைக் கிழிச்சார், அன்னிக்கு ஒண்ணும் வாங்காம வந்துட்டேன். இப்பல்லாம் ஏற்கனவே பிரிஞ்சு கிடக்கற தாள் மட்டும்தான், பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலும் சரி.

ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் "கோவிந்தூயா"ன்னு தன் ஓவியர் பேரையே வெச்சார், இப்ப அதை ட்ரோபிடியாங்கற இன்னொரு பேரினத்துல சேத்துட்டாங்க. அந்தப் படத்தைத்தான் ரொம்ப நாளா தேடறேன், எங்கயாச்சும் தனித் தாளா கண்ணுல பட்டா தயவுசெஞ்சு ஒரு வார்த்தை சொல்லுங்க.